நிறுத்தி வைத்த காருக்கு யார் தண்டம் கட்டுவது?

ஓடுகிற இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் இரண்டு பக்கமும் பேச ஏதாவது இருக்கும். அவன் இண்டிகேட்டர் போடவில்லை, இவன் திடீரென்று பிரேக் அடித்தான், நடுவில் ஒரு நாய் வந்தது என்று ஆளுக்கொரு கதை. ஆனால் எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டி, ஆளே இல்லாமல் தெருவோரம் நிற்கிற காரில் ஒருவன் வந்து இடித்தால் அதில் என்ன இரண்டு பக்கம்? நின்ற கார் குறுக்கே ஓடி வந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்படியும் நம்ம ஊரில் முதலில் வருகிற கேள்வி, "ஏன் சார் இங்க கொண்டாந்து நிறுத்தினீங்க?" என்பதுதான்!

இடித்தவனிடம் இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வசனம் வரும். "பாவம் சார், அவன்கிட்ட என்ன இருக்கு, விட்டுடுங்க." கூடி நிற்கிற பத்துப் பேரும் நாட்டாமை ஆகிவிடுவார்கள். டீக்கடைக்காரர் ஒரு தொகை சொல்வார், எதிர்வீட்டு மாடியில் இருந்து ஒருவர் அதில் பாதி சொல்வார், கடைசியில் ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று கைமாறும். காரின் சொந்தக்காரர் முறைத்தால் அவர்தான் கல்நெஞ்சக்காரர். கார் வைத்திருக்கிறாரே, ஒரு பம்பருக்கா இப்படி அலைகிறார் என்று ஒரு முணுமுணுப்பு வேறு.

இந்த "விட்டுடுங்க"வுக்குப் பெயர் இரக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரக்கம் என்றால் சொல்கிறவர் தன் பையில் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் பையைக் காட்டி இரக்கப்படுவதற்கு வேறு பெயர் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி, மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொது இடத்தில் ஓடக்கூடாது. ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, ஓட்ட விடுகிறவருக்கும் சேர்த்துத்தான் அந்த விதி. இந்தக் காப்பீடு ஓட்டுகிறவனைக் காப்பாற்ற வந்தது இல்லை, அவன் யாரை இடிக்கிறானோ அவரைக் காப்பாற்ற வந்தது. இதைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் முடிந்துவிடும். தன் வண்டிக்குத் தானே காப்பீடு எடுக்காதவன் தன் சொத்தைப் பணயம் வைக்கிறான், அது அவன் இஷ்டம். மூன்றாம் நபர் காப்பீடு எடுக்காதவன் தெருவில் போகிற எல்லாருடைய சொத்தையும் பணயம் வைக்கிறான். யாரைக் கேட்டு?

2024 பிப்ரவரியில் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு கொடுத்த அறிக்கையில், இந்தியச் சாலைகளில் இருக்கிற வாகனங்களில் பாதிக்கும் மேல் காப்பீடு இல்லாதவை என்று வந்தது. அதாவது உங்கள் காரை இடிக்கப்போகிறவன் யார் என்று காசு சுண்டிப் பார்த்தால், இன்ஷூரன்ஸ் இல்லாதவன் விழவே வாய்ப்பு அதிகம். கட்டாயம் என்று எழுதப்பட்ட ஒரு சட்டம் பாதிப் பேருக்குப் பொருட்டே இல்லை என்றால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். காரணம் ரொம்பத் தொலைவில் எல்லாம் இல்லை, அபராதத் தொகையிலேயே இருக்கிறது.

2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த மூன்றாம் நபர் பிரீமியம் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரை இருக்கிற பைக்குக்கு வருஷத்துக்கு 714 ரூபாய். 1000 முதல் 1500 சி.சி. வரை இருக்கிற காருக்கு 3,416 ரூபாய். 1500 சி.சி.க்கு மேலே போனால் 7,897 ரூபாய். (எல்லாம் வரிக்கு முன்னால்.) இப்போது 196-வது பிரிவுக்கு வருவோம். காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முன்பு ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. 2019 திருத்தத்தில் அதை முதல் தடவைக்கு 2,000, அடுத்தடுத்த தடவைக்கு 4,000 என்று ஆக்கினார்கள். மூன்று மாதம் வரை சிறை என்றும் எழுதியிருக்கிறது, அது எழுத்தோடு சரி. தமிழ்நாட்டில் இந்தப் புதிய அபராதப் பட்டியலே 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 714 ரூபாய் கட்டாத பைக்காரன் மாட்டினால் 2,000, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 7,897 ரூபாய் கட்டாத பெரிய காரின் முதலாளி மாட்டினாலும் அதே 2,000. கால்வாசிதான். இரண்டாம் தடவை மாட்டினாலும் 4,000, அப்போதும் பிரீமியத்தில் ஏறக்குறைய பாதி அவருக்கு லாபம். அதுவும் வருஷம் தவறாமல் மாட்டினால்! வண்டி எவ்வளவு பெரிதோ, இடித்தால் எவ்வளவு நாசமோ, அவ்வளவுக்கு அவ்வளவு இன்ஷூரன்ஸ் கட்டாமல் இருப்பது ஆதாயம் என்று சட்டமே கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. பி.காம் முதல் வருஷம் படிக்கிற பையனிடம் இந்த இரண்டு எண்களையும் கொடுத்து எது லாபம் என்று கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவான். சட்டம் எழுதினவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

"ஏழை" வாதத்துக்கு வருவோம். அதைத் தொடாமல் தாண்டிப் போனால் நியாயமாகாது. மாசச் செலவுக்கே திண்டாடுகிற குடும்பங்கள் பைக் ஓட்டுகின்றன, உண்மை. ஆனால் 714 ரூபாயை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்தக் காசில் டீ கிடையாது. பெட்ரோல் போட முடிகிறவரால், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்ய முடிகிறவரால் இது முடியாதது இல்லை. பெரும்பாலும் நடப்பது வறுமை இல்லை, மறதியும் அலட்சியமும். 2018 செப்டம்பர் 1 முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கும், புது காருக்கு மூன்று வருஷத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. (அந்த வழக்கைப் போட்டவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராஜசேகரன். ஆபரேஷன் தியேட்டரில் பார்த்ததைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனார்.) நல்ல உத்தரவுதான். ஆனால் ஷோரூமில் கட்டிய அந்த ஐந்து வருஷம் முடிந்த மறுநாள், வண்டிக்காரருக்கு அப்படி ஒரு தேதி இருந்ததே ஞாபகம் இருப்பதில்லை. ஆறாவது வருஷத்தில் இருந்து வண்டி அநாதை.

இன்னொன்று. இடித்தவன் பக்கம் ஏழ்மையைத் தேடுகிறவர்கள் இடிபட்டவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கார் என்றால் பணக்காரன் என்கிற எண்ணம் மாருதி 800 வருவதற்கு முந்தைய காலத்து எண்ணம். இன்று தெருவோரம் நிற்கிற காரில் பாதி, கடனில் எடுத்த கால் டாக்ஸியோ, பத்துக் கை மாறி வந்த பழைய ஆம்னியோதான். ஷெட்டும் போர்ட்டிகோவும் உள்ளவன் காரைத் தெருவில் ஏன் நிறுத்தப்போகிறான்? தெருவில் நிற்கிற கார் வீட்டுக்குள் இடமில்லாதவன் கார். கால் டாக்ஸிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியை விட்டுவிட்டுப் படுக்கிறார். காலையில் பார்த்தால் பின் கதவு உள்ளே போயிருக்கிறது, டெயில் லாம்ப் தரையில் கிடக்கிறது. பட்டறையில் வண்டி நாலு நாள் நின்றால் நாலு நாள் சம்பாத்தியம் போச்சு, மாசத் தவணை மட்டும் நிற்காது. வருமான இழப்பை அவருடைய சொந்த இன்ஷூரன்ஸ் பாலிசியும் தராது, அது ரிப்பேருக்கு மட்டும்தான். "விட்டுடுங்க" என்று சொன்ன பத்துப் பேரில் ஒருவராவது அவருடைய தவணையைக் கட்டுவாரா?

இடிபட்டவரின் கையில் இரண்டில் ஒரு பாலிசிதான் இருக்கும். முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். பழைய வண்டி வைத்திருக்கிற பெரும்பாலோர் இதைத்தான் எடுக்கிறார்கள், சட்டம் கேட்பதும் இதை மட்டும்தான். இவருக்குக் கிடைப்பது பூஜ்யம். சட்டம் சொன்னதை வரி பிசகாமல் செய்தவருக்கு ஒன்றும் இல்லை, சட்டத்தை மதிக்காதவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதைவிட அழகாக ஒரு அநியாயத்தை வடிவமைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இரண்டாவது, முழுக் காப்பீடு. "காம்ப்ரிஹென்சிவ் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. நாலரை வருஷம் ஆன, 1500 சி.சி.க்குள் உள்ள ஒரு சொந்த கார். இதுவரை ஒரு க்ளெய்மும் இல்லை. இடித்ததில் கதவு 9,000, பம்பர் 6,000, டெயில் லாம்ப் 3,000, பெயிண்டிங் 8,000, டிங்கரிங் கூலி 4,000, ஆக 30,000 ரூபாய் பில் என்று வைத்துக்கொள்வோம். (தொகைகள் உதாரணத்துக்கு. கழிவு விகிதங்கள் வழக்கமான பாலிசியில் உள்ளவை.) நாலு முதல் ஐந்து வருஷ வண்டியின் உலோகப் பாகத்துக்கு 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஆக கதவுக்கு 5,850. பிளாஸ்டிக் என்றால் வயசு பார்ப்பதே இல்லை, பாதி. பம்பருக்கும் லாம்ப்புக்கும் சேர்த்து 4,500. பெயிண்டிங் பில்லில் கால்வாசியைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 7,000 வரும். கூலி 4,000 முழுசாக. மொத்தம் 21,350. அதில் கட்டாயக் கழிவு 1,000 போனால் கம்பெனி கொடுப்பது 20,350. கையில் இருந்து போவது 9,650.

அத்தோடு முடிந்ததா? நோ க்ளெய்ம் போனஸ் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு க்ளெய்மும் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதல் வருஷம் முடிந்ததும் 20 சதவீதம் தள்ளுபடி, பிறகு 25, 35, 45, கடைசியாக 50. இந்தக் காருக்கு அடுத்த புதுப்பித்தலில் 50 கிடைத்திருக்கும். ஒரு க்ளெய்ம் போட்டதும் பூஜ்யத்துக்குப் போய், மறுபடி 20, 25, 35, 45 என்று முதலில் இருந்து ஏற வேண்டும். சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்து வருஷத்தில் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் 10,000 ரூபாய். (வண்டி பழசாக ஆகப் பிரீமியம் குறையும், அதனால் கொஞ்சம் கம்மியாக இருக்கலாம்.) ஆக 30,000 ரூபாய்ச் சேதத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனுஷன் தலையில் விழுவது 19,650. இடித்தவன் கொடுத்தது ஐநூறு.

இதில் கோபம் வரவேண்டிய இடம் அந்தப் போனஸ்தான். அதற்குப் பெயர் "க்ளெய்ம் இல்லாததற்கான" போனஸ், "தப்பு செய்யாததற்கான" போனஸ் இல்லை, அதனால் யார் தப்பு என்று நாங்கள் பார்ப்பதில்லை என்பார்கள் கம்பெனிக்காரர்கள். வார்த்தை ஜாலம்! போனஸ் கொடுப்பதன் நோக்கமே கவனமாக ஓட்டுகிறவரை ஊக்குவிப்பதுதான் என்றால், வண்டியை ஓட்டவே இல்லாத நேரத்தில் நடந்த ஒன்றுக்காக அதைப் பிடுங்குவது எந்த ஊக்குவிப்பு? இதற்கும் அவர்களிடம் மருந்து உண்டு. தேய்மானம் கழிக்காமல் இருக்க ஜீரோ டெப் என்று ஒரு ஆட்-ஆன், போனஸ் போகாமல் இருக்க இன்னொரு ஆட்-ஆன். இரண்டுக்கும் தனிக் காசு. அடுத்தவன் கட்டாத இன்ஷூரன்ஸுக்காக நீங்கள் மூன்று இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும்.

பணத்தைக் கொடுத்த பிறகு, இடித்தவன் மேல் வழக்குப் போட்டு அதை வசூலிக்கிற உரிமை கம்பெனிக்கு வந்துவிடுகிறது. சட்டப் புத்தகத்தில் அழகாக இருக்கும். இருபதாயிரத்தை வசூலிக்க அதைவிட அதிகமாக வக்கீலுக்குச் செலவாகும் என்றால் எந்தக் கம்பெனி மெனக்கெடும்? போனஸைப் பிடுங்கினால் பத்தாயிரம் தானாக வருகிறது. கிடைக்கிற ஆளிடம் வசூல், அவ்வளவுதான்.

சரி, போலீஸ் ஸ்டேஷன். "இது சிவில் மேட்டர் தம்பி, பேசி முடிச்சுக்குங்க" என்பது அங்கே வழக்கமான பதில். இதில் பாதி சரி. வேகமாக, அஜாக்கிரதையாக ஓட்டுவதற்கான குற்றப் பிரிவுக்கு (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 279, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 281) மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டியிருக்க வேண்டும். சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றத்துக்கு, சேதமாகும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். காலி காரில் கவனக்குறைவாக இடித்தது இரண்டிலும் எளிதாக அடங்காது. ஆனால் மீதிப் பாதி சரியில்லை. காப்பீடு இல்லாமல் வண்டி ஓட்டியது சிவில் மேட்டரே இல்லை, 196-வது பிரிவில் தண்டனைக்குரிய குற்றம். அதற்குக் காரின் சொந்தக்காரரோடு "பேசி முடிக்க" என்ன இருக்கிறது? அது அரசாங்கத்துக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு. ஏட்டய்யா பேசி முடிக்கச் சொல்லும்போது அந்தக் குற்றமும் சத்தமில்லாமல் அதே பேச்சில் முடிந்துபோகிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. டெல்லியில் 2008-ல் வந்த விபத்துத் தீர்ப்பாய விதிகளில் ஒன்று இப்படிப் போகிறது: விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டிக்குக் காப்பீடு இல்லை என்றால், சொந்தக்காரர் போதுமான பிணை கொடுக்கும் வரை கோர்ட் அந்த வண்டியை விடக்கூடாது. மூன்று மாதத்தில் பிணை வரவில்லை என்றால் ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். உயிரிழப்பு, காயம் மட்டுமல்ல, "சொத்துச் சேதம்" என்ற வார்த்தையும் அந்த விதியில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மற்ற மாநிலங்களும் இதே மாதிரி விதி கொண்டு வர வேண்டும் என்று சொன்னது. இதை ஒழுங்காகச் செய்தால் மற்ற எல்லா வாதமும் தேவையில்லை. வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும், சாவி உள்ளே இருக்கும் என்றால் "என்கிட்ட பணமில்லை" என்பவரின் மச்சான், மாமா எல்லாரும் சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் ஆள் அடிபட்டால்தான் வண்டியைப் பிடித்து வைப்பது, தகரம் அடிபட்டால் அனுப்பிவிடுவது என்பதுதான் நடைமுறை.

தகரம்தானே என்கிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். இன்று நின்ற காரில் இடித்தவன் நாளைக்கு அதே வண்டியில், அதே காப்பீடு இல்லாமல், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளை மேல் இடிக்கலாம். ஓட்டுநர் உரிமம் போலியாக இருந்தால்கூட, முதலில் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்கிற வழியை 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியது. ஆனால் பாலிசியே இல்லை என்றால் எந்தக் கம்பெனியைக் கொடுக்கச் சொல்வது? லட்சக்கணக்கில் தீர்ப்பு வரும், வசூலிக்க ஆள் இருக்க மாட்டான். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி என்றால் உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், படுகாயத்துக்கு ஐம்பதாயிரம் என்று 2022 ஏப்ரல் முதல் அரசுத் திட்டத்தில் உண்டு. ஓடாமல் நின்ற, காப்பீடில்லாதவனிடம் அடிபட்டவர் அவன் பின்னால் அலைய வேண்டியதுதான். நசுங்கிய பம்பர் என்பது மலிவாகக் கிடைத்த ஒரு எச்சரிக்கை. அதை ஐநூறு ரூபாய்க்கு விற்றுவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 1946-லேயே மோட்டார் காப்பீட்டாளர் பணியகம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கட்டுகிற பணத்தில் நடக்கிறது. காப்பீடில்லாத வண்டி இன்னதென்று தெரிந்துவிட்டால், காயத்துக்கு மட்டுமல்ல, சொத்துச் சேதத்துக்கும் அதனிடம் கேட்கலாம். சில கம்பெனிகள், இடித்தவன் காப்பீடில்லாதவன் என்று நிரூபித்தால் உங்கள் போனஸைத் தொடமாட்டோம் என்று பாலிசியிலேயே எழுதிக் கொடுக்கின்றன. 2005-ல் வந்த சட்டப்படி காப்பீடு இல்லாத வண்டியைப் போலீஸ் நடுரோட்டிலேயே பறிமுதல் செய்யலாம். வெள்ளைக்காரன் எல்லாவற்றிலும் ஒழுங்கு என்பதில்லை, அங்கேயும் காப்பீடில்லாத வண்டிகள் ஓடுகின்றன. ஆனால் அங்கே அதன் செலவை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், இங்கே இடிபட்டவர் ஒருவரே சுமக்கிறார். நம்ம 2019 திருத்தத்தில் மோட்டார் வாகன விபத்து நிதி என்று ஒன்றை வைத்தார்கள். அதில் சிகிச்சை உண்டு, ஓடிப்போன வண்டிகளால் ஏற்படும் சாவுக்கும் படுகாயத்துக்கும் இழப்பீடு உண்டு. சொத்துச் சேதம் என்ற பேச்சு அந்தப் பிரிவில் இல்லை.

மாற்ற வேண்டியது அப்படி ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. அபராதம் என்பது அந்தந்த வண்டியின் பிரீமியத்தைப் போல் மூன்று மடங்கு, நாலு மடங்கு என்று இருக்கட்டும், ஒரே தொகை எல்லாருக்கும் என்பது போகட்டும். வண்டி நம்பரை அடித்தால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று எம்-பரிவாஹன் செயலியில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிகிற காலத்தில், அரசாங்கத்துக்கு மட்டும் யார் கட்டவில்லை என்று தெரியாது என்று சொல்ல முடியாது. தேதி முடிந்த மறுவாரம் ஒரு நோட்டீஸ் போகட்டும். நம்பர் தெரிந்த, காப்பீடில்லாத வண்டி இடித்தது என்று நிரூபணமானால் போனஸைத் தொடக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு வரி எழுதினால் போதும். விதிகளை மாற்றவே முடியாது என்பதும் பொய். புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2017-ல் வந்த நிபந்தனையை, அது காப்பீடில்லாத வண்டிகளைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே நீக்கியது.

அதுவரை இடிபட்டவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போட்டோ: இடித்த வண்டியின் நம்பர், இரண்டும் நிற்கிற நிலை, தெரு முழுசாக. வளைவிலோ நோ பார்க்கிங்கிலோ நிறுத்தவில்லை என்று அந்தப் படமே சொல்லும். (அப்படி நிறுத்தியிருந்தால் உங்கள் பங்குக்கும் கொஞ்சம் தப்பு என்று கோர்ட் கழிக்கக்கூடும். இருட்டில், விளக்கில்லாமல், பாதி ரோட்டை அடைத்து நிறுத்துகிறவர்களுக்காக இங்கே யாரும் வாதாடவில்லை.) அங்கேயே எம்-பரிவாஹனில் நம்பரை அடித்துப் பார்த்து ஸ்க்ரீன்ஷாட். பக்கத்துக் கடை கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், அன்றைக்கே கேட்க வேண்டும். ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வரக்கூடாது. புகாரில் "காப்பீடு இல்லை, 146, 196 பிரிவுகள்" என்று ஒரு வரி இருக்கட்டும், அதற்கப்புறம் சிவில் மேட்டர் என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

சொந்த பாலிசியில் க்ளெய்ம் செய்வதாக இருந்தால் உடனே தகவல் சொல்லி, சர்வேயர் பார்க்கும் வரை பட்டறையில் கை வைக்க விடக்கூடாது. இடித்தவனிடம் "எனக்கு ஒரு பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் போனால் அங்கே சிக்கல் வரும், அந்த ஐநூறின் உண்மையான விலை அதுதான். கம்பெனி தராத தேய்மானம், கட்டாயக் கழிவு, போன போனஸ், டாக்ஸி என்றால் நின்ற நாட்களின் வருமானம், இவையெல்லாம் இடித்தவரிடம் கேட்க உரிமை உள்ள தொகைகள். "வண்டியை எப்பவோ வித்துட்டேன் சார், ஆர்.சி. மட்டும் என் பேர்ல இருக்கு" என்கிற கதை செல்லாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெயரையும் முகவரியையும் கேட்டு, கட்டணம் கட்டினால், ஆர்.டி.ஓ. அலுவலகமோ போலீஸோ தர வேண்டும் என்று 160-வது பிரிவு இருக்கிறது.

கேட்கிற இடம் இரண்டு. ஒன்று தாலுகா அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் சமாதானம் ஆனால் அந்த உத்தரவு கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீலும் இல்லை. டீக்கடைப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு காகிதம்தான். தவணையில் கட்டுகிறேன் என்று இடித்தவர் சொன்னால் அதையும் அங்கே எழுத வைக்கலாம், நிஜமாகவே கஷ்டப்படுகிறவருக்கு அதுதான் மரியாதையான வழியும்கூட. இன்னொன்று மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். செத்தவர்களுக்கும் கை கால் போனவர்களுக்கும்தான் அது என்று நினைக்கிறார்கள். 165, 166 பிரிவுகளில் சேதமான சொத்தின் உரிமையாளருக்கும் இடம் இருக்கிறது. சென்னையில் இது உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, மனுதாரர் குடியிருக்கிற ஊரிலும் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் 166-ல் ஒரு கெடுவும் உண்டு. பேசி முடிச்சுக்கலாம், அடுத்த மாசம் தர்றேன், தீபாவளி போகட்டும் என்று இழுக்கிற ஆள்களுக்கு இந்தத் தேதி உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.